இரண்டு உறுப்பினர்களும் ஒரு கடிதமும்: கனடாவில் முதியோர் ஓய்வூதியம் பிறந்த வரலாறு

முதுமையும் வறுமையும் ஒருசேர வந்தடைந்த மனிதரைத் தாங்குவது யாருடைய கடமை? பெற்ற பிள்ளைகள், உறவினர்கள், அண்டை வீட்டார், ஜமாஅத் என்று விடையை வரிசையாகச் சொல்லலாம். இவர்களில் எவரும் இல்லாதபோது அல்லது இருந்தும் அவர்களே வறியவர்களாக இருக்கும்போது அந்த முதியவர் எங்கே போவார்?

இக்கேள்விக்கு இஸ்லாமிய வரலாற்றில் ஒரு தெளிவான விடை பதிவாகியுள்ளது. வாசலில் நின்று யாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். வரியும் வறுமையும் முதுமையுமே தம்மைக் கையேந்த வைத்தன என்று அம்முதியவர் கூறினார். அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவிய கலீஃபா அவர்கள், அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பைத்துல்மாலில் இருந்து வழங்குமாறு அதன் பொறுப்பாளருக்கு உத்தரவிட்டார்கள். இளமையில் ஒருவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அந்த உத்தரவின் உட்பொருள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் சட்ட மேதை இமாம் அபூ யூசுப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இந்நிகழ்வைப் பதிவுசெய்துள்ளார்.

பொதுக் கருவூலத்தில் முதியவருக்கும் பங்கு உண்டு என்ற கருத்தை நவீன அரசுகள் ஏற்பதற்கு நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மனி 1889இல் முதியோர் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. நியூசிலாந்து 1898இலும் பிரிட்டன் 1908இலும் ஏழை முதியவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கச் சட்டம் செய்தன. பரந்த நிலமும் கோதுமை வளமும் கொண்ட கனடாவோ இதில் பின்தங்கியே நின்றது. இறுதியில் அந்நாட்டிலும் சட்டம் வந்தது. 245 உறுப்பினர்கள் கொண்ட கீழவையில் இருவர் மட்டுமே இருந்த ஒரு குழு அதற்கு வழிசெய்தது.

ஏலம் விடப்பட்ட ஏழைகள்

அக்காலக் கனடாவில் முதுமையை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை முதலில் அறிய வேண்டும். ஆதரவற்ற முதியவர்களுக்கு ஏழையர் இல்லங்கள் இருந்தன. நோயாளிகள், மனநலம் குன்றியவர்கள், முதியவர்கள் என யாவரும் ஒரே கூரையின் கீழ் அடைக்கப்பட்டனர். அங்கே செல்வது வாழ்வின் இறுதி அவமானமாகக் கருதப்பட்டது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் சில பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் இதைவிடக் கொடிய வழக்கம் நிலவியது. ஆதரவற்ற ஏழைகளை ஏலத்தில் நிறுத்துவார்கள். அவர்களைப் பராமரிக்கக் குறைந்த தொகை கேட்பவர் யாரோ, அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். குறைந்த தொகைக்கு எடுத்தவர் அவர்களுக்கு எத்தகைய உணவளித்திருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1908இல் கனடா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. உழைக்கும் காலத்தில் மக்கள் தாமாக முன்வந்து அரசிடம் பணம் செலுத்தி, முதுமையில் ஆண்டுத்தொகை பெறும் திட்டம் அது. சேமிக்க முடிந்தவர்களுக்கு அது பயன்பட்டது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தியவர்களுக்குச் செலுத்தவே பணம் இல்லை. ஆயினும் ‘சிக்கனமாக வாழ்ந்தவனுக்கு ஓய்வூதியம் எதற்கு?’ என்று கேட்டவர்களுக்கு அச்சட்டம் வசதியான விடையாக அமைந்துவிட்டது.

போதகர் உறுப்பினரான கதை

ஜேம்ஸ் ஷேவர் உட்ஸ்வொர்த் 1874இல் டொரொன்டோ நகருக்கு அருகில் பிறந்தார். மெதடிஸ்ட் திருச்சபையின் போதகராகப் பணியாற்றினார். 1907 முதல் 1913 வரை மனிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில், ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த வடபகுதியில் சேவை இல்லம் ஒன்றை நடத்தினார். குடியேறிகளைப் பற்றிய அவருடைய தொடக்ககால எழுத்துகளில், இனங்களைத் தரம் பிரித்துப் பார்க்கும் அக்காலக் குறைபாடு இருந்தது உண்மை. ஆனால் வறுமையை அருகிருந்து கண்ட அனுபவம் அவரை மாற்றியது. தனிமனிதரின் நற்செயல்கள் மட்டும் இவ்வறுமையைத் தீர்த்துவிடாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முதல் உலகப்போரை எதிர்த்ததால் 1918இல் போதகர் பதவியைத் துறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வான்கூவர் துறைமுகத்தில் சுமைதூக்கும் தொழிலாளியாக வேலை செய்தார். 1919இல் வின்னிபெக் நகரத் தொழிலாளர்கள் மாபெரும் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, கைது செய்யப்பட்ட ஆசிரியருக்குப் பதிலாக அவர்களுடைய செய்தித்தாளைக் கவனித்துக்கொண்டார். அதற்காக அவரும் கைதானார். அநீதியான சட்டங்களை இயற்றி ஏழைகளின் உரிமையைப் பறிப்போரைக் கண்டிக்கும் ஏசாயா நூலின் வசனங்களை வெளியிட்டதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. வேதநூல் வசனம் அரசத் துரோகமாயிற்று. அந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. 1921 தேர்தலில் வின்னிபெக் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

1925 தேர்தலில் அவருடன் மற்றொருவரும் வெற்றி பெற்றார். அவர் பெயர் ஆபிரகாம் ஆல்பர்ட் ஹீப்ஸ். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த யூதர். நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலாளி. 1919 வேலைநிறுத்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவர். முன்னாள் போதகரும் மெத்தை தைத்தவருமான இந்த இருவரே அன்றைய தொழிலாளர் குழு.

1926 ஜனவரிக் கடிதம்

1925 அக்டோபர் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. பிரதமர் மெக்கென்சி கிங்கின் லிபரல் கட்சி சுமார் 100 இடங்களையே பெற்றது. ஆர்தர் மீகன் தலைமையிலான கன்சர்வேடிவ் கட்சி அதைவிட அதிக இடங்களைப் பிடித்தது. பிரதமர் தமது சொந்தத் தொகுதியிலேயே தோற்றிருந்தார். எனினும் பதவி விலகாமல், சிறு குழுக்களின் ஆதரவை நம்பி ஆட்சியைத் தொடர்ந்தார். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சொற்ப வாக்குகளில் ஆட்சியின் உயிர் ஊசலாடியது. சாதாரண நாளில் எவரும் பொருட்படுத்தாத இரண்டு வாக்குகளுக்குத் திடீரெனப் பெருமதிப்பு உண்டாயிற்று.

1926 ஜனவரித் தொடக்கத்தில் உட்ஸ்வொர்த்தும் ஹீப்ஸும் ஒரு சுருக்கமான கடிதம் எழுதினர். அதே கடிதத்தைப் பிரதமருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் அனுப்பினர். அதில் இரண்டே கேள்விகள் இருந்தன. வேலையற்றவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? இந்தக் கூட்டத்தொடரிலேயே முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவருவீர்களா?

கன்சர்வேடிவ் தலைவரிடமிருந்து உறுதியான பதில் வரவில்லை. பிரதமர் கிங் அவர்களை அழைத்துப் பேசினார். உட்ஸ்வொர்த்துக்கு அமைச்சர் பதவியும் அளிக்க முன்வந்தார். அவர் அதை ஏற்கவில்லை. அவர் வேண்டியது சட்டம். அதுவும் எழுத்துப்பூர்வமான வாக்குறுதியுடன். ஜனவரி இறுதியில் பிரதமர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. உட்ஸ்வொர்த் அதை அவையில் உரக்கப் படித்து, நாடாளுமன்றப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தார். நான்கு சுவர்களுக்குள் தரப்பட்ட வாக்கு நாடறிந்த வாக்காயிற்று.

அவர்கள் கேட்டது வானத்திலிருந்து பறித்துவந்த யோசனையும் அன்று. 1924இலேயே கீழவையின் தனிக்குழு ஒன்று இதனை ஆராய்ந்து, 70 வயதைக் கடந்த வறியவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை வழங்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அந்த அறிக்கை இரண்டாண்டுகள் செயலற்றுக் கிடந்தது. ஆட்சியின் உயிர் இரண்டு வாக்குகளில் தொங்கியபோதுதான் அது மீண்டும் மேசைக்கு வந்தது.

மேலவையின் மறுப்பு

கீழவை 1926இல் ஓய்வூதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் நியமன உறுப்பினர்களைக் கொண்ட செனட் எனும் மேலவை, ஜூன் மாதத்தில் அதனை நிராகரித்தது. ஏழைகளைப் பராமரிப்பது மாகாணங்களின் வேலை. மத்திய அரசு அதில் தலையிடலாகாது என்றனர். ஓய்வூதியம் கொடுத்தால் மக்கள் சேமிப்பதை விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவார்கள் என்றும் வாதிட்டனர். இவ்வாதங்களைக் கூறியவர்கள் ஆயுள்காலப் பதவியில் அமர்ந்திருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அதே மாத இறுதியில், சுங்கத்துறை ஊழல் விவகாரத்தால் கிங் அரசு வீழ்ந்தது. மீகன் அமைத்த அரசு சில நாள்களிலேயே அவையில் தோற்றது. 1926 செப்டம்பரில் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. செனட் மறுத்த ஓய்வூதியத்தைத் தேர்தல் களத்தில் கிங் மக்கள் முன் வைத்தார். அவர் வெற்றி பெற்றுத் திரும்பியபின் அதே மசோதா மறுபடியும் வந்தது. மக்களின் தீர்ப்பைக் கண்ட செனட் இம்முறை வழிவிட்டது. 1927 மார்ச் மாதத்தில் கனடாவின் முதல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நடைமுறைக்கு உரியதாயிற்று.

சட்டத்தின் சிறு எழுத்துகள்

வரலாற்று நூல்கள் பலவும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். ஆனால் முதியவரின் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று பார்த்தால், கதையின் பாதியே முடிந்திருந்தது.

ஓய்வூதியம் மாதம் 20 டாலர். ஆண்டுக்கு 240 டாலர். பெறுபவர் 70 வயதை எட்டியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும். கனடாவில் 20 ஆண்டுகளும் அந்தந்த மாகாணத்தில் ஐந்தாண்டுகளும் வாழ்ந்திருக்க வேண்டும். ஓய்வூதியத்தையும் சேர்த்து அவருடைய ஆண்டு வருமானம் 365 டாலரைத் தாண்டக் கூடாது. வேறு வருமானம் 125 டாலரைக் கடந்தால் ஓய்வூதியம் குறையும். ஒருநாளைக்கு ஒரு டாலர். அதற்குமேல் ஒரு முதியவருக்குத் தேவையில்லை என்பது சட்டத்தின் கணக்கு.

வறுமையை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதியவருடையது. அதிகாரி வந்து வீட்டையும் சாமான்களையும் வங்கிக் கணக்கையும் விசாரிப்பார். பிள்ளைகள் ஏன் உதவவில்லை என்று கேட்பார். பிறப்புச் சான்று இல்லாதவர் தம் வயதை மெய்ப்பிக்க அலைய வேண்டும். அவர் இறந்தபின், பெற்ற ஓய்வூதியத்தை அவர் விட்டுச்சென்ற சொத்தில் இருந்து, சில விதிவிலக்குகளுடன், ஐந்து விழுக்காடு கூட்டு வட்டியோடு மீட்டுக்கொள்ளவும் சட்டம் இடமளித்தது. உதவி என்று பெற்றது வட்டிக் கடனாக மாறிச் சிறு வீட்டையும் விழுங்கலாம் என்ற அச்சத்தினாலேயே விண்ணப்பிக்கத் தயங்கியவர்கள் இருந்தனர்.

சிலருக்குக் கதவே திறக்கவில்லை. அந்நிலத்தின் ஆதிகுடிகளான, செவ்விந்தியர் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற மக்கள், இச்சட்டத்தில் இருந்து முற்றாக விலக்கப்பட்டனர். பிரிட்டிஷ் பிரஜைகளாகாத குடியேறிகளும் வெளியே நின்றனர். அவர்கள் அந்நாட்டின் ரயில்பாதைகளிலும் சுரங்கங்களிலும் ஆயுள் முழுதும் உழைத்திருந்தாலும் நிலை அதுவே.

செலவில் பாதியை மாகாணம் ஏற்க வேண்டும் என்ற விதியும் ஒரு தடையாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியா 1927இலேயே சேர்ந்தது. மேற்குப் பகுதி மாகாணங்களும் ஒன்டாரியோவும் 1929க்குள் வந்தன. கிழக்குக் கரையோரத்து ஏழை மாகாணங்களால் தம் பங்கைச் செலுத்த இயலவில்லை. 1931இல் மத்திய அரசு தன் பங்கை 75 விழுக்காடாக உயர்த்தியும், எல்லா மாகாணங்களும் சேர்வதற்கு 1936 ஆயிற்று. ஏழை மாகாணத்தில் பிறந்த ஏழை முதியவர், அந்த ஒரு காரணத்தினாலேயே ஒன்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. எழுபது வயதில் ஒன்பதாண்டு என்பது பலருக்கு எஞ்சிய ஆயுள் முழுவதும்தான்.

தொகுதியோடு வந்த பொறுப்பு

1942 மார்ச்சில் உட்ஸ்வொர்த் காலமானார். அவருடைய வின்னிபெக் வடமத்தியத் தொகுதியில் அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஸ்டான்லி நோல்ஸ் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 34. அவரும் போதகராக இருந்தவர். அச்சுக்கோக்கும் தொழிலும் அறிந்தவர். சில ஆண்டுகளில் நரம்புகளைப் பாதிக்கும் கொடிய நோய் அவரைப் பற்றியது. அந்நோயோடும் மெலிந்த உடலோடும் அவர் பல்லாண்டுகள் அவையில் நின்றார்.

முன்னவர் வாங்கித் தந்த சட்டத்தில் இருந்த குறைகளைக் களைவதைத் தம் கடமையாக நோல்ஸ் ஏற்றார். வறுமையை நிரூபிக்கச் சொல்லும் சோதனையை நீக்குங்கள், வயதைக் குறையுங்கள், தொகையை உயர்த்துங்கள். கூட்டத்தொடர் தோறும் இவையே அவருடைய கோரிக்கைகள். ரயில்வே ஓய்வூதியர்கள், முன்னாள் படைவீரர்கள், கைம்பெண்கள் ஆகியோரின் குறைகளை இடைவிடாது அவையில் எழுப்பினார். அவை விதிகளை அவரளவு கற்றவர் அரிது. ஆளுங்கட்சி ஒரு கேள்வியைத் தவிர்க்க விரும்பினால், அதைக் கேட்பதற்கான வேறொரு விதியை அவர் அறிந்திருப்பார். 1957இல் பிரதமர் டீஃபன்பேக்கர் அவருக்கு அவைத்தலைவர் பதவியை வழங்க முன்வந்தார். அவைத்தலைவர் ஆனால் விவாதத்தில் பேச முடியாது. நோல்ஸ் அப்பதவியை ஏற்கவில்லை.

மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1951இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, முதியோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 ஜனவரி முதல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வசிப்புக்கால நிபந்தனையுடன், மாதம் 40 டாலர் வழங்கப்பட்டது. வறுமைச் சோதனை இல்லை. ஆதிகுடிகளும் சேர்க்கப்பட்டனர். செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் பெறும் தொகையாதலால், அதை வாங்குவதில் இழிவும் இல்லாமல் போயிற்று.

1957இல் லிபரல் அரசு ஆறே ஆறு டாலர் உயர்த்தி 46 ஆக்கியது. ‘ஆறு டாலர் ஹாரிஸ்’ என்று நிதியமைச்சர் வால்டர் ஹாரிஸை மக்கள் எள்ளினர். அவ்வாண்டுத் தேர்தலில் அரசு தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். அடுத்து வந்த அரசு 55 டாலராக உயர்த்தியது. 1966 முதல் 1970 வரை ஆண்டுக்கு ஒரு வயதாகத் தகுதி வயது 65க்கு இறக்கப்பட்டது. 1967இல், வேறு வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கூடுதல் தொகை சேர்க்கப்பட்டது. 1972 முதல் 1974 வரை பெரும்பான்மையற்ற அரசு மறுபடியும் அமைந்தபோது, நோல்ஸின் புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவு அதற்குத் தேவைப்பட்டது. 1973இல் ஓய்வூதியம் 100 டாலராயிற்று. விலைவாசிக்கேற்ப மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயரும் ஏற்பாடும் வந்தது. 1926இல் இருவர் கண்ட வாய்ப்பை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அவர்களுடைய வழித்தோன்றல்கள் மீண்டும் பயன்படுத்தினர்.

இவை யாவும் நோல்ஸ் ஒருவரின் சாதனைகள் என்று கூறுவது மிகையாகும். சட்டங்களை இயற்றியவை பிற கட்சிகளின் அரசுகள். தொழிற்சங்கங்களும் முதியோர் அமைப்புகளும் திரளாகக் குரல் கொடுத்தன. ஆனால் மற்றவர்கள் மறந்த நாள்களிலும் அவர் மறக்கவில்லை. 1958இல் தோற்று 1962இல் திரும்பியபோதும் அதே கோரிக்கைகளோடு வந்தார். 1984இல் அவர் ஓய்வு பெற்றபோது, அவையின் நடுவே செயலர்கள் அமரும் மேசையில் அவருக்கு ஆயுள்காலக் கௌரவ இருக்கை வழங்கப்பட்டது. 1997இல் காலமானார்.

இவ்வரலாறு சொல்வது

ஏழைகளுக்காகப் பேசுவோர் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். அனுதாபம் மிக்க உரைகளுக்கும் குறைவில்லை. உட்ஸ்வொர்த்தும் ஹீப்ஸும் ஓர் உரையாற்றி அமர்ந்திருந்தால் ஓய்வூதியம் வந்திராது. எதை, யாரிடம், எந்த நாளில் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வந்த பதிலை எழுத்தில் பெற்றனர். பதவியைக் காட்டியபோது கோரிக்கையை விற்கவில்லை. நோல்ஸ் அதற்கு அடுத்த பாடத்தைக் கற்பித்தார்: சட்டம் இயற்றப்பட்ட நாளில் ஏழையின் வழக்கு முடிவதில்லை. விண்ணப்பப் படிவத்தின் எந்த வரியில் அவர் தடுக்கப்படுகிறார் என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

அம்முதியோர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் கனடாவில் நடைமுறையில் உள்ளது. 1977இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, வயதுவந்தபின் அந்நாட்டில் குறைந்தது பத்தாண்டுகள் வாழ்ந்த சட்டப்பூர்வக் குடியிருப்பாளர், வாழ்ந்த ஆண்டுகளின் விகிதத்தில் ஓய்வூதியம் பெறலாம். பிரிட்டிஷ் பிரஜை என்ற பழைய நிபந்தனை இன்று இல்லை. டொரொன்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ் முதியவர்கள் பலர், இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற முஸ்லிம் பெரியவர்கள் உட்பட, மாதந்தோறும் அத்தொகையைப் பெறுகின்றனர். எவரிடமும் கையேந்தாமல் மருந்து வாங்கவும், பேரக்குழந்தைக்குப் பெருநாள் காசு கொடுக்கவும் அது அவர்களுக்கு உதவுகிறது. சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் மாற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது என்பதை அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது. அடுத்த முதியவர் எந்த வரியில் தடுக்கப்படுகிறார் என்று பார்க்க வேண்டிய முறை இனி அவர்களுடையது.